வளராத நகம்

"ஒரே ஒரு நிமிஷம்மா! வீடியோ கால்ல வந்து தலையைக் காட்டினா போதும். அதுல என்ன குறைஞ்சு போயிடும்?"

"அவர் தூங்குறாருன்னு சொல்றேன்ல!"

"காலையில கேட்டா தூங்குறாரு. மத்தியானம் கேட்டா தூங்குறாரு. மனுஷனா, கும்பகர்ணனா?"

"சார், சத்தம் போடாதீங்க. அக்கம்பக்கத்துல எல்லாரும் இருக்காங்க."

"இருக்கட்டும்மா, கேக்கட்டும்! முந்நூறு பேருக்கு நான் பதில் சொல்லணும். நீங்க ஒருத்தருக்குக்கூடச் சொல்ல மாட்டேங்குறீங்க!"

அக்கம்பக்கம் என்று அவள் சொன்னது என்னைத்தான். மூன்றாவது மாடியில் எங்கள் இரண்டு வீடும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கும். நடுவில் ஒரு செங்கல் சுவர், அதுவும் கஞ்சத்தனமாகக் கட்டியது. நான் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, வாசலில் இல்லாத தூசியைக் கவனமாகப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

கத்தியவர் எங்கள் கட்டடத்தின் முதல் மாடிக்காரர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஆனால் யாரும் வாத்தியார் என்று கூப்பிடுவதில்லை. 'தச்சருக்குத் தோள் கொடுப்போம்' என்று போனில் ஒரு குழு தொடங்கிய நாளிலிருந்து அவர் பெயர் அட்மின். கதவை மறித்துக்கொண்டு நின்றவள் அந்தத் தச்சரின் மனைவி.

விஷயம் இதுதான். தச்சருக்குத் தொண்டையில் கட்டி. ஆபரேஷனுக்கு இணையத்தில் பணம் திரட்டினார்கள். ஊர் பேர் தெரியாதவர்கள்கூடக் கொடுத்தார்கள். ஆபரேஷன் முடிந்தது. அடுத்தது கதிர்வீச்சு சிகிச்சை, திங்கட்கிழமை தொடங்க வேண்டும். அதற்கான பணம், திரட்டிக் கொடுக்கும் கம்பெனியின் கணக்கில் பத்திரமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து எவனோ ஒரு புண்ணியவான் புகார் எழுதிவிட்டான்: "வாரா வாரம் வீடியோவில் வருகிற நோயாளி என்னைவிட நன்றாக இருக்கிறார். இது மோசடி." கம்பெனி பணத்தை நிறுத்திவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் விசாரித்து எழுதிக் கொடுத்தால்தான் பூட்டு திறக்கும். விசாரிக்க அட்மின் ஏற்பாடு செய்த ஆள்தான் அப்போது படியேறி வந்துகொண்டிருந்தாள்.

"போதும் சார், கீழ வாங்க," என்றாள் மூக்கு மேடம்.

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில், சலவைக் கடைக்குப் பக்கத்து அறையில், 'ரகசிய விசாரணைகள்' என்று போர்டு மாட்டியிருப்பவள் அவள்தான். மூக்கு கொஞ்சம் நீளம், அதைப் பிறர் காரியத்தில் நுழைப்பதே தொழில் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. (நான் அதே வேலையை இருபது வருஷமாக இலவசமாகச் செய்கிறேன், எனக்கு ஒரு போர்டு கிடையாது.) அவள் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு வந்தவன் உதவியாளன் ஃபோகஸ். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். ஒரு வீட்டில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு மாமனாரையே முழு வீடியோவிலும் எடுத்து வைத்ததால் தொழில் மாறியவன். வயது நாற்பதைத் தாண்டியும் வாய் இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தது.

"அக்கா, தரை தேஞ்சுடும், விட்டுடுங்க," என்றான் என் துடைப்பத்தைப் பார்த்து.

"நீங்களும் வாங்க," என்றாள் மூக்கு மேடம் என்னிடம். "இந்த மாடியில யார் எப்போ தும்மினாங்கன்னு உங்களைத்தான் கேக்கணும்."

எனக்கு அதற்குமேல் அழைப்பிதழ் தேவைப்படவில்லை.

*

அவள் அறைக்கதவு தானாக மூடிக்கொள்ளும். அதைத் தடுக்க, கடைந்தெடுத்த மேஜைக் கால் ஒன்றைக் கதவோரம் முட்டுக் கொடுத்திருப்பார்கள். வழக்கம்போல ஃபோகஸ் அதில் இடறி, வழக்கம்போல அதைத் திட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

அறையில் பேச்சு பணம் திரட்டுவதைப் பற்றியே போயிற்று. போகாமல் என்ன செய்யும்? எங்கள் கண் முன்னால் நடந்த மாற்றம் அது. முன்பு லிஃப்ட் ஓட்டுகிறவர் விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது, கேட்டருகே ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்தார்கள். போகிறவர் வருகிறவர் போட்டுவிட்டுப் போனார்கள். எந்தக் கால் உடைந்தது என்றுகூட யாரும் கேட்கவில்லை. பிறகு இணையம் வந்தது. ஆரம்பத்தில் ஒரு போட்டோ போட்டால் போதும், அழுதுகொண்டே அனுப்பினார்கள். அப்புறம் ஆஸ்பத்திரி பில்லைக் காட்டு என்றார்கள், நியாயம்தான். அப்புறம் வாரம் ஒரு வீடியோ. அதற்கும் அப்புறம், வீடியோவில் சிரிக்க வேண்டும். போன வாரத்தைவிட இந்த வாரம் ஒரு பிடி தேறியிருக்க வேண்டும். மெகா சீரியல் பார்க்கிறவர்கள் கதாநாயகி எப்போது பிழைப்பாள் என்று கேட்பது மாதிரி கேட்டார்கள்.

"தப்பா என்ன?" என்றார் அட்மின். "காசு கொடுத்தவனுக்கு விளைவு தெரிய வேண்டாமா?"

"வேணும் சார்," என்றான் ஃபோகஸ். "நான்கூடப் போன மாசம் பல்லு பிடுங்கினேன். பிடுங்கின பல்லை உங்களுக்கு அனுப்பட்டுமா?"

மூக்கு மேடம் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. கம்ப்யூட்டரில் தச்சரின் வீடியோக்களை வரிசையாக ஓடவிட்டாள். மொத்தம் ஏழு. முதல் மூன்றில் தாடி, கம்மிய குரல். நாலாவதில் மழித்த முகம். போகப் போகக் குரல் தெளிந்துகொண்டே வந்தது. கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு. ஒவ்வொன்றின் முடிவிலும், "எல்லாருக்கும் நன்றி. நல்லா ஆயிட்டு வர்றேன்," என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். அந்தக் கட்டைவிரல் குழுவில் பிரசித்தம். பாதிப் பேர் அதைத்தான் முகப்புப் படமாக வைத்திருந்தார்கள்.

"எல்லாம் சுத்தம் மேடம்," என்றான் ஃபோகஸ். "ஏழு சட்டை. தாடி இருக்கு, அப்புறம் இல்ல. குரல் வேற. ஒட்டு வெட்டு ஒண்ணும் கிடையாது. தொழில்காரன் சொல்றேன்."

"மாப்பிள்ளையையே காணாத தொழில்காரன்," என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. அவரை நேர்ல எப்போ பாத்தீங்க?"

"ஆபரேஷனுக்குப் போனப்போ பாத்தேன். கொஞ்ச நாள் கழிச்சு ராத்திரியோட ராத்திரியா ஆம்புலன்ஸ்ல திரும்பி வந்தார், அதுக்கப்புறம் பாக்கல. ஆனா பேசுறது கேக்கும். சாயங்காலம் ஆனா சுவர் வழியா அப்படியே கேக்கும்."

"பாத்தீங்களா!" என்று அட்மின் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிம்மதியா ஏமாற்றமா, அவருக்கே தெரியவில்லை.

"என்ன பேசுவார்?"

யோசித்துப் பார்த்தேன். "நன்றி சொல்லுவார்."

"யார்கிட்ட?"

"வீட்டுல வேற யார் இருக்கா? பொண்டாட்டிகிட்டதான்."

"தினமுமா?"

"தினமும்தான்."



"பொண்டாட்டிகிட்ட தினமும் நன்றி சொல்ற புருஷனா?" என்றான் ஃபோகஸ். "மேடம், இவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கூடாது. அருங்காட்சியகத்துக்கு அனுப்பணும்."

மூக்கு மேடம் சிரிக்கவில்லை. முதல் வீடியோவின் கடைசி நொடியில் நிறுத்தி, கட்டைவிரலைப் பெரிதாக்கினாள். நகத்தின் அடியில், சதையை ஒட்டி, மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு. சுத்தியல் பட்டு ரத்தம் கட்டிய இடம். தச்சர்களுக்கு அது மோதிரம் மாதிரி.

ஏழாவது வீடியோவின் கடைசி நொடியைப் பக்கத்தில் வைத்தாள். அதே கறுப்பு, அதே இடத்தில்.

"உனக்கு நகம் வளருமாடா?" என்றாள் ஃபோகஸிடம்.

"வளரும் மேடம். சம்பளம்தான் வளரல."

"ஏழு வாரத்துல அந்தக் கறுப்பு மூணுல ஒரு பங்காவது மேல ஏறியிருக்கணும். இம்மிகூட நகரல. தாடியை மழிக்கலாம், சட்டையை மாத்தலாம், குரலை ஏத்தி இறக்கலாம். நகத்துக்கு யாராலயும் நடிப்பு சொல்லிக்கொடுக்க முடியாது. இது எல்லாமே ஒரே நாள்ல எடுத்தது."

அட்மின் எழுந்து நின்றுவிட்டார். "அப்போ மோசடி! முந்நூறு பேரை உக்கார வச்சு..."

"உக்காருங்க சார். இன்னும் ஒரு இடம் பாக்கணும்."

*

அடுத்த தெருவில் தச்சரின் பட்டறை. அவருக்குப் பாலிஷ் போட்டுக் கொடுக்கும் கூட்டாளி மட்டும் அங்கே நாற்காலி ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் தேய்ப்பது வேகமானது.

"அவர் எப்படி இருக்காரு?" என்றாள் மூக்கு மேடம்.

"வீடியோல பாக்கலியா? நல்லா இருக்காரு."

"நேர்ல?"

அவன் நாற்காலியைத் திருப்பி வைத்துக்கொண்டான். "நான் பாலிஷ்காரன் மேடம். மேல தெரியறதுதான் என் வேலை."

"சரி, தொழில் பத்தியே கேக்குறேன். மேஜைக்கு நாலு காலையும் அவர் எப்படி அறுப்பாரு?"

அதற்கு மட்டும் அவன் முகம் திறந்துகொண்டது. "அதுல அண்ணன் கறார். ஒரே பலகை, ஒரே நாள், ஒரே மூச்சு. இன்னிக்கு ரெண்டு, நாளைக்கு ரெண்டுன்னு அறுத்தா மரம் வேற மாதிரி காயும், மேஜை ஆடும்னு சொல்லுவாரு. சாப்பாடு ஆறினாலும் எழுந்திருக்க மாட்டாரு."

"ஆஸ்பத்திரிக்குப் போற முந்தின நாள் இங்க என்ன அறுத்தாரு?"

தேய்ப்பு நின்றுவிட்டது. "கேமராவ நான்தான் பிடிச்சேன்," என்றான். "சட்டையெல்லாம் என்னோடது."

*

தச்சரின் மனைவி இந்த முறை கதவை மறிக்கவில்லை. "நகம்," என்று மூக்கு மேடம் ஒரு வார்த்தை சொன்னதும் விலகி நின்றாள். மாட்டிக்கொண்டவளின் முகமாக அது இல்லை, சுமையை இறக்கி வைக்க இடம் தேடியவளின் முகமாக இருந்தது. அட்மின், ஃபோகஸ், நான் மூவரும் பின்னாலேயே நுழைந்தோம். என்னை யாரும் கூப்பிடவில்லை. யாரும் தடுக்கவுமில்லை.

ஏமாற்றுக்காரன் வெளியூருக்கு ஓடியிருப்பான் என்று நினைத்தார் அட்மின். நானும்தான். உள்ளறைக் கட்டிலில் தச்சர் இருந்தார். வீடியோவில் வந்த ஆளில் பாதி. கழுத்தில் துண்டு இல்லை, துளையும் அதில் ஒரு குழாயும் இருந்தன. எங்களைப் பார்த்து வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது.

"குரல்பெட்டியை எடுத்துடுவோம்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டார்," என்றாள் மனைவி. "எங்களுக்கு முன்னாடி வேற ஒருத்தருக்கு இதே மாதிரி பணம் திரட்டினாங்க. அந்த மனுஷன் உள்ளதை உள்ளபடி சொன்னார். இந்த வாரம் மோசம், வலி தாங்கலன்னு. அடுத்த வாரத்துல இருந்து ஒருத்தரும் கொடுக்கல. இவர் அதையெல்லாம் உக்காந்து பாத்தார். தேறிட்டு வர்ற ஆளுக்குத்தான் கொடுக்குறாங்கன்னு புரிஞ்சுது. குரல் இருக்கும்போதே மொத்தமா பேசி வச்சுட்டுப் போனார். நான் வாரம் ஒண்ணு போட்டேன்."

"சாயங்காலம் சுவர் வழியா கேட்டதே..." என்று நான் இழுத்தேன்.

"நான்தான் போட்டுக் கேப்பேன் அக்கா," என்றாள். "வேற எதுலயும் அவர் குரல் இல்ல. இதுக்கு முன்னாடி யார் எடுத்து வச்சா?"

ஃபோகஸ் அந்தச் செங்கல் சுவரில் விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான்.

மூக்கு மேடம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "எங்க ஆபீசுக்கு நீங்க மேஜை செஞ்சீங்க. கால் அஞ்சு கொண்டுவந்தீங்க. ஒண்ணு எதுக்குன்னு கேட்டேன். ஒண்ணு உடைஞ்சா அதே மரத்துல மறுபடி கிடைக்காது, எப்பவும் ஒண்ணு கூட அறுத்து வைப்பேன்னீங்க. அதைத்தான் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கோம்." "இந்த வீடியோலயும் ஒண்ணு கூடுதலா இருக்குமே?"

தச்சர் சுவரைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தாள்.

"இருக்கு," என்றாள். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா போடுன்னு சொல்லிட்டுப் போனார். நான் இன்னும் திறக்கல."

அட்மின் அங்கேயே நாற்காலியைத் தேடினார். நாற்காலியில் துணி கிடந்தது. நின்றுகொண்டே இருந்தார்.

"இப்போ நான் என்ன எழுதுறது?" என்றாள் மூக்கு மேடம், யாரிடம் என்றில்லாமல். "உண்மையை எழுதினா வீடியோ பொய்னு பணத்தை நிறுத்துவாங்க. பொய் எழுதினா நேர்ல காட்டுன்னு கேப்பாங்க, அன்னிக்கு நிறுத்துவாங்க."

தச்சர் கைநீட்டி, தலைமாட்டில் கிடந்த பிளைவுட் துண்டையும் தட்டைப் பென்சிலையும் எடுத்தார். இப்போதெல்லாம் அதுதான் அவர் பேச்சு. மெதுவாக எழுதினார். 'உண்மையே எழுதுங்க. அவ மேல பழி வேண்டாம்.' பென்சிலைப் பிடித்த கட்டைவிரலைப் பார்த்தேன். அந்தக் கறுப்பு நகத்தின் நடுப்பகுதிக்கு ஏறியிருந்தது.

*

மூக்கு மேடம் உண்மையையே எழுதினாள். நோய் நிஜம், ஆள் நிஜம், தேவை நிஜம், தேறியது மட்டும் பொய் என்று ஒரே பக்கம். குழுவிலும் அதைப் போட்டார்கள். உண்மை தெரிந்தால் மனம் இரங்கும் என்று அட்மின் நம்பினார். கணக்கு வாத்தியார், எல்லாக் கணக்கும் கடைசியில் சரியாக வரும் என்று நினைக்கிற ஆள்.

பதில்கள் வந்து விழுந்தன. "எங்கள் உணர்வோடு விளையாடிவிட்டார்கள்." "குணமாகிற ஆளுக்குத்தான் நான் கொடுத்தேன்." "அந்தக் கட்டைவிரலை என் பிள்ளைக்கெல்லாம் காட்டினேனே." ஒருத்தி மட்டும், "பாவம், அவரும் என்ன செய்வார்?" என்று எழுதினாள். அதற்கு இருபது பேர் கோபித்துக்கொண்டார்கள். குழுவை விட்டு வெளியேறினார், வெளியேறினார் என்று வரிசையாக வந்தது, சினிமா விட்ட மாதிரி. வெளியேறியவர்களில் பலர், கார் ஏறிக் கால் போன ஒரு நாய்க்குட்டிக்கான குழுவில் சேர்ந்தார்கள். அது தினமும் தேறிக்கொண்டு வந்தது.

கம்பெனியை மூக்கு மேடம் விடாமல் கூப்பிட்டாள். எந்நேரமும் ஒரு பெண் குரல், "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது, நன்றி," என்றது. அதுவும் முன்பே பதிவு செய்து வைத்ததுதான். அந்தக் குரல் மீது யாரும் புகார் எழுதவில்லை.

திங்கட்கிழமை வந்தது, போயிற்று. ஆஸ்பத்திரி அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. அட்மின் மூன்றாவது மாடிக்கு ஏறி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "எல்லார்கிட்டயும் சொல்லிப் பாத்துட்டேம்மா. யாரும் கேக்கல," என்றார். அவள், "பரவால்ல சார், உள்ள வாங்க," என்றாள். அவர் உள்ளே போகவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு நான் வாசலைப் பெருக்கவில்லை.

மழை தொடங்கிய பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தச்சர் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் குழுவில் கடைசி வீடியோ வந்தது. அதைப் போட்ட அவர் மனைவியைத் தவிர அப்போது அதில் மிஞ்சியிருந்தவர்கள் விட்டுப் போக முடியாத அட்மின், வேவு பார்க்கப் பொய்ப் பெயரில் சேர்ந்திருந்த ஃபோகஸ், அப்புறம் நான். எனக்கு எந்தக் குழுவையும் விட்டுப் போகிற பழக்கமில்லை.

எட்டாவது சட்டை. அது மட்டும் அவருடையது, மரத்தூள் படிந்த வேலைச் சட்டை. "இதை நீங்க பாக்குறீங்கன்னா நான் இல்லன்னு அர்த்தம்," என்றார், தெளிவான குரலில். "கொடுத்தவங்க கோவிச்சுக்காதீங்க. குணமாயிடுவேன்னு சொன்னது நான்தான். சொன்ன தேதிக்குச் சாமான் கொடுக்க முடியல. அவளை ஒண்ணும் கேக்காதீங்க." கட்டைவிரலை உயர்த்தப் போனார். பாதியில் வேண்டாம் என்று இறக்கிக்கொண்டார்.

ஃபோகஸ் அதை எடுத்துக்கொண்டு போய்க் கம்பெனியில் காட்டினான். பயனாளி இறந்துவிட்டதால் பணம் கொடுத்தவர்களுக்கே திரும்பும் என்றார்கள். அது மட்டும் ஒரே நாளில் நடந்தது.

அப்புறம் என்ன? பாலிஷ்காரன் பட்டறையை எடுத்து நடத்துகிறான், கால்களை இரண்டு நாளாக அறுக்கிறான் என்று கேள்வி. அட்மின் மகள் வீட்டோடு வேறு ஊருக்குப் போய்விட்டார், போனையும் மாற்றிவிட்டாராம். ஃபோகஸுக்கு இந்த வயதில் சலவைக் கடைக்காரியோடு கல்யாணம் ஆயிற்று. வீடியோ எடுக்க யாரையும் விடவில்லை. மூக்கு மேடம் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த மேஜைக் காலை எடுத்து உள்ளே மேஜைமேல் வைத்துவிட்டாள், இப்போது அவள் கதவு தானாக மூடிக்கொள்கிறது.

தச்சரின் மனைவி அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு பை, ஒரு பிளைவுட் துண்டு, அந்தப் போன். பக்கத்து வீட்டில் இப்போது புதிதாய்க் கல்யாணமானவர்கள் குடிவந்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். சாயங்காலம் சாயங்காலம் சுவரில் காது வைத்துப் பார்க்கிறேன். சண்டை கேட்கிறது, சிரிப்பு கேட்கிறது, மிக்ஸி ஓடுகிறது. நன்றி மட்டும் யாரும் சொல்வதில்லை.